பிடிவாதத்துக்கு விலை எழுதச் சொல்லுங்கள்: பாகப்பிரிவினையைக் கோர்ட்டுக்குப் போகாமல் முடிக்கும் வழி

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரோடு நிலம் பிரிக்க உட்கார்ந்தால், முயலின் கால்களை எண்ணிக் காட்டிப் பயனில்லை. அந்த முயலை என்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறார் என்று கேளுங்கள். "மேட்டு நிலம் எனக்குத்தான்" என்பதற்குக் காசு செலவில்லை. "மேட்டு நிலம் எனக்கு, சென்ட் 35,000 என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்ல மனதுக்குள் கணக்குப் போட்டாக வேண்டும். கணக்குப் போடத் தொடங்கியவரிடம் பேச முடியும். கீழே உள்ள முறைகள் எல்லாமே இந்த ஒன்றின் மேல் நிற்பவைதான்.

வைராக்கியம் என்ற சொல்லுக்கு நம்மிடம் மரியாதை உண்டு. வீம்பு, அடம், முரண்டு என்ற சொற்களுக்கு இல்லை. ஆனால் பங்காளிச் சண்டையில் தன் வீம்பை எல்லோரும் வைராக்கியம் என்றும், அடுத்தவர் வைராக்கியத்தை வீம்பு என்றும்தான் சொல்வார்கள். இரண்டையும் பிரித்தறிய ஒரே ஒரு கேள்வி போதும்: "என்ன தெரிய வந்தால் உன் முடிவை மாற்றிக்கொள்வாய்?" அளந்து பார்த்தால், பத்திரத்தைப் பார்த்தால், அம்மாவுக்கு இருக்க இடம் எழுதி வைத்தால் என்று ஏதாவது பதில் வந்தால் அது உறுதி. "எது வந்தாலும் மாட்டேன்" என்றால் பிடிவாதம். இந்தக் கேள்வியை முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பதிலைத் தாளில் எழுதி வையுங்கள். வாயால் சொன்னால் மறுநாள் மாறிவிடும்.

முதலில் காகிதம், பிறகு பேச்சு

பாதிப் பிடிவாதம் தப்பான அளவின் மேல் நிற்கிறது. அப்பா "ஒன்றரை ஏக்கர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார், பட்டாவில் 0.48.50 என்று இருக்கிறது. தம்பி 30 சென்டைத் தின்றுவிட்டான் என்று அண்ணன் ஆண்டுக்கணக்கில் நம்புவார். பட்டாவின் அளவு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கு. ஒரு ஏர் 2.47 சென்ட். 48.5 ஏர் என்றால் கிட்டத்தட்ட 1 ஏக்கர் 20 சென்ட். நிலமே அவ்வளவுதான், எவரும் எதையும் தின்னவில்லை. பழைய பத்திரம் குழி, மா கணக்கில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. டெல்டா பகுதியில் 100 குழி ஒரு மா, அது சுமார் 33 சென்ட். வேறு மாவட்டங்களில் குழியின் அளவே வேறு. அந்த ஊர்க் கணக்கை கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ) கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை: மூலப் பத்திரம், பட்டா, சிட்டா, புலப்படம் (நிலத்தின் எல்லை வரைபடம்), வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்), இறப்புச் சான்று, தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று, அப்பா வைத்துவிட்டுப் போன கடன் பட்டியல். பட்டாவும் புலப்படமும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் கிடைக்கும். வில்லங்கத்தைப் பதிவுத் துறை தளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் ஆளுக்கு ஒரு நகல் எடுத்து, ஒரே நாளில் எல்லோர் கையிலும் கொடுங்கள். ஒருவர் மட்டும் காகிதத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினால் பேச்சு அங்கேயே கெட்டுவிடும். பிறகு சர்வேயரை வைத்து ஒரு முறை அளந்துவிடுங்கள். கல் காணாமல் போன இடம், பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை நகர்த்திய இடம் எல்லாம் அப்போது தெரியும். வெளியே போன மூன்று சென்டுக்காக உள்ளே அண்ணன் தம்பி அடித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

யாருக்குப் பங்கு உண்டு என்பது பேரம் பேசும் விஷயமில்லை

"பொண்ணுக்குச் சீர் செஞ்சாச்சு, பங்கெல்லாம் கிடையாது" என்பதுதான் நம் ஊரில் அதிகம் கேட்கும் பிடிவாதம். இதற்குச் சட்டத்தில் நிற்க இடமே இல்லை. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தை உயில் எழுதாமல் விட்டுப் போனால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அவரின் தாயார் என எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் உரிமை என்பதைத் தமிழ்நாடு 1989லேயே கொண்டுவந்தது. அப்போது திருமணமாகியிருந்தவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்தத் தடையையும் எடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்தாரா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்ட் 11 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது: இருந்திருக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலம் பிரித்து முடித்த சொத்தைத் திரும்பக் கிளற முடியாது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. அதற்குரிய சட்டம் தெரிந்த வக்கீலிடம் ஒரு முறை பங்கு விகிதத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆகவே தன் பங்கைக் கேட்கும் தங்கை பிடிவாதம் பிடிக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்கிற அண்ணன்தான் பிடிக்கிறார். பங்கு வேண்டாம் என்று தங்கையே மனமுவந்து விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். "தங்கச்சி ஒண்ணும் கேக்காது" என்ற நம்பிக்கையில் அவர் கையெழுத்தில்லாமல் பிரித்தால் அந்தப் பிரிவினை அவரைக் கட்டுப்படுத்தாது. பிறகு வீட்டுக் கடனுக்குப் போகும்போது வங்கியின் வக்கீல் முதலில் கேட்பது அந்தக் கையெழுத்தைத்தான்.

இன்னொரு தப்புக் கணக்கு: "சாவி என்கிட்ட இருக்கு, நான்தான் உழுறேன், பன்னெண்டு வருஷம் போனா எனக்கே." கூட்டுச் சொத்தில் ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகவே கொள்ளப்படும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அது அவர்களுக்குத் தெரிந்து, அதன் பிறகு 12 ஆண்டுகள் கடந்தால்தான் அந்த வாதமே எடுபடும். அதற்குள் வழக்கு வந்தால், தனியாக அனுபவித்த காலத்து வாடகைக்கும் மகசூலுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டிவரலாம்.

தாமதத்தின் விலை

ஒரு தாளில் இரண்டே வரி எழுதுங்கள். இந்தச் சொத்து சும்மா கிடப்பதால் மாதம் எவ்வளவு போகிறது? நான் பிடித்துக்கொண்டிருக்கும் விஷயத்தின் மதிப்பு எவ்வளவு?

மாதம் 12,000 வாடகை வரக்கூடிய வீட்டைப் பூட்டி வைத்திருந்தால் ஐந்து ஆண்டில் 7,20,000 ரூபாய். மூன்று பங்கு என்றால் ஆளுக்கு 2,40,000. சண்டை எதற்கு? வாசல் பக்க அறையில் ஒரு அடி. தரிசாகப் போட்ட நஞ்சையில் மூன்றாம் வருடம் சீமைக் கருவேலம் நிற்கும். அதை வேரோடு எடுக்க மெஷின் வைக்கும் செலவு தனி. பூட்டிய ஓட்டு வீட்டில் முதல் மழைக்கு ஓடு நகரும், இரண்டாம் மழைக்குக் கைமரம் இற்றுப்போகும்.

கோர்ட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். பங்கு அனுபவத்திலிருந்து முழுக்க விலக்கப்பட்டவர் வழக்குப் போட்டால் தன் பங்கின் மதிப்பில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம். 20 லட்சம் பங்குக்கு 60,000. விசாரணை முடிந்தால் வருவது முதல்நிலைத் தீர்ப்பாணை மட்டும்தான். உங்களுக்கு மூன்றில் ஒன்று என்று சொல்லும், எந்த மூன்றில் ஒன்று என்று சொல்லாது. அதற்கு இறுதித் தீர்ப்பாணை கேட்டு மறுபடி மனு, சொத்தை நேரில் பார்க்க நீதிமன்றம் அனுப்பும் வக்கீல் கமிஷனர், சர்வேயர், அறிக்கை, ஆட்சேபணை. இரண்டு கட்டத்திலும் அப்பீல் உண்டு. பிரிக்கவே முடியாத சொத்து என்றால், 1893ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டப்படி பாதி அல்லது அதற்கு மேல் பங்குள்ளவர்கள் கேட்டால் நீதிமன்றம் விற்கவே உத்தரவிடலாம். "அப்பா கட்டின வீட்டை விக்க விடமாட்டேன்" என்று தொடங்கிய வழக்கு ஏலத்தில் முடிவது இப்படித்தான்.

இதற்குள் ஒரு பங்காளி இறந்துவிட்டால் மூன்று கையெழுத்து ஏழு, எட்டு ஆகும். அதில் ஒரு பிள்ளை மைனர் என்றால் அவன் பங்கைக் கைமாற்ற நீதிமன்ற அனுமதி தேடி இன்னொரு நடை.

பிரிக்கும் முறைகள்

பொதுவானவற்றை முதலில் முடிவு செய்யுங்கள்: பாதை, கிணறு, மோட்டார், அம்மா இருக்கும் இடம். எந்தப் பங்கு யாருக்கு என்று தெரியும் முன்பே இதை முடிக்க வேண்டும். தெரிந்த பிறகு பேசினால் முன் பக்கம் கிடைத்தவர் ஒரு அடியும் விடமாட்டார். பின் பக்கம் தனக்கே வந்துவிடலாம் என்ற நிலையில் எல்லோருமே நியாயமாகப் பேசுவார்கள்.

பாதையைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். டிராக்டரும் அறுவடை மெஷினும் போய்வர 12 அடி வேண்டும். பின் நிலம் ரோட்டிலிருந்து 300 அடி உள்ளே என்றால் பாதை 3,600 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் இது 8 சென்டும் சொச்சமும். இரண்டு பங்கின் எல்லையில் ஆளுக்கு 6 அடி விட்டுப் போட்டால் ஆளுக்கு 4 சென்டுக்குக் கொஞ்சம் மேல். சென்ட் 30,000 போகும் ஊரில் ஆளுக்குச் சுமார் ஒன்றேகால் லட்சம். பாதை இல்லாத 120 சென்டை வாங்க வருபவர் சென்டுக்கு 10,000 குறைத்துக் கேட்டாலே 12 லட்சம் போச்சு. இதையும் மீறி "பாதை விடமாட்டேன்" என்பவருக்கு ஒரு தகவல்: ஒன்றாக இருந்த நிலம் பிரிந்து ஒரு துண்டுக்கு வேறு வழியே இல்லாமல் போனால், 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் அந்தத் துண்டுக்கு அவசியப் பாதை உரிமை தருகிறது. மறுப்பவர் கடைசியில் பாதையையும் விட்டு, வழக்குச் செலவையும் கொடுப்பார். பத்திரத்தில் "வழக்கமான பாதை" என்று எழுதாதீர்கள். 12 அடி அகலம், எந்தத் திசையில் தொடங்கி எந்தச் சர்வே எண் வழியாக எங்கே முடிகிறது, நடக்க, மாடு வண்டி போக, குழாய் பதிக்க என்று விரித்து எழுதி, வரைபடம் இணையுங்கள்.

கிணற்றில் செய்யும் தப்பு கிழமை முறை. மூன்று பேருக்கு ஏழு நாளைப் பிரித்தால் ஒருவருக்கு ஒரு நாள் கூடும். அந்த ஒரு நாளே சண்டைக்குப் போதும். கிழமையை மறந்துவிட்டு மூன்று நாள் சுற்றாக வையுங்கள்: ஒன்றாம் நாள் அண்ணன், இரண்டாம் நாள் தங்கை, மூன்றாம் நாள் தம்பி. மும்முனை மின்சாரம் குறித்த நேரத்தில்தான் வரும் ஊரில், முறை மாறும் நேரத்தைக் காலை 6 மணி என்று நிறுத்துங்கள். மின்சாரம் முழு நாளும் போனால் சுற்று அப்படியே நகர வேண்டுமா, அந்த நாள் வீணா என்பதையும் இப்போதே எழுதுங்கள். மோட்டார் காயில் எரிந்தால் யார் செலவு என்று பிறகு பேசினால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எவர் முறையில் எரிந்தாலும் மூவருக்கும் சமம் என்பதே நிலைக்கும் ஏற்பாடு. மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் தண்ணீரைத் தடுக்க உரிமை இல்லை என்று ஒரு வரி சேருங்கள்.

நிலத்துக்கு இரண்டு பேர் என்றால் பழைய வழக்கமே சிறந்தது: ஒருவர் பிரிக்கட்டும், மற்றவர் முதலில் எடுக்கட்டும். பிரிப்பவர் தன் கைக்கு எது வந்தாலும் பரவாயில்லை என்ற அளவுக்குச் சமமாக வெட்டுவார். மூன்று பேரும் அதற்கு மேலும் என்றால் துண்டுகளை மதிப்புப் போட்டுச் சமன் செய்யுங்கள். மூன்று துண்டின் மதிப்பு 40, 30, 35 லட்சம் என்றால் மொத்தம் 105, ஆளுக்கு 35. நாற்பதை எடுப்பவர் முப்பதை எடுப்பவருக்கு 5 லட்சம் ஈடாகக் கொடுக்கிறார். சமமான துண்டுகளாக வெட்டியே தீருவேன் என்று நின்றால் 20 அடி அகல ரிப்பன்கள்தான் மிஞ்சும். அதில் டிராக்டர் திரும்பாது. ஈட்டுத் தொகை எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன வட்டி என்று பத்திரத்திலேயே வரவேண்டும். தொகையை வங்கி வழியாகவே கொடுங்கள். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

வெட்ட முடியாத வீட்டுக்கு மூடிய கவர் முறை. பிடிவாதத்துக்கு விலை எழுத வைப்பதில் இதற்கு இணை கிடையாது. ஒவ்வொருவரும் முழு வீட்டுக்கும் தான் கொடுக்கத் தயாராக உள்ள விலையை எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டும். அண்ணன் 54 லட்சம், தம்பி 60, தங்கை 48 என்று வைத்துக்கொள்வோம். வீடு தம்பிக்கு. அவர் மற்ற இருவருக்கும் ஆளுக்கு 20 லட்சம் தருகிறார். அண்ணன் தன் பங்கை 18 லட்சம் என்றுதான் மதித்திருந்தார், கிடைப்பது 20. தங்கை மதித்தது 16, கிடைப்பது 20. தம்பிக்கு 60 மதிப்புள்ள வீடு, கொடுத்தது 40. ஏமாந்தேன் என்று எவரும் சொல்ல முடியாது, ஏனென்றால் விலை எழுதியது அவரவர் கைதான்.

இதில் சறுக்கும் இடங்கள் இரண்டு. கையில் காசில்லாதவர் ஆசை இருந்தும் குறைவாக எழுதுவார்; அதனால் கவர் வாங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே அறிவித்து, கடன் ஏற்பாடு செய்ய நேரம் கொடுங்கள். அடுத்தது, வீம்புக்காக 80 லட்சம் எழுதிவிட்டுப் பணம் கட்டாமல் இழுப்பது. பத்து நாளில் 10 சதவீதம், 90 நாளில் மீதி, தவறினால் முன்பணம் போய் அடுத்த விலைக்காரருக்கு வீடு என்று முன்கூட்டியே எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

பேசும் விதம்

பதினாறாம் நாள் காரியத்தன்று பேசாதீர்கள். பந்தலில் சம்பந்திகள் உட்கார்ந்திருக்கும்போது அண்ணன் ஒரு சொல் இறங்கினாலும் முகம் போய்விடும் என்று நினைப்பார். உடன்பிறந்தவர்கள் மட்டும், மாமனார் மச்சினன் யாரும் இல்லாமல், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாமல் உட்காருங்கள். எல்லோரும் மதிக்கும் ஒரு மாமாவோ பெரியப்பாவோ இருக்கலாம். அவருக்கு இந்தச் சொத்தில் பங்கோ ஆசையோ இருக்கக்கூடாது.

"நீங்க ரொம்பப் பிடிவாதம் பிடிக்கிறீங்க" என்று சொன்ன நிமிடமே அவருக்கு அதைக் காப்பாற்றும் பொறுப்பு வந்துவிடும். அதற்குப் பதில்:

"அண்ணே, மேட்டு நிலம் உங்களுக்கே இருக்கட்டும். அதுக்கு என்ன விலை போடலாம்னு நீங்களே சொல்லுங்க."

அவர் குறைத்துச் சொன்னால், "சரிண்ணே, அதே விலைக்கு நான் எடுத்துக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்கலாம். குரலில் கேலி இருந்தால் காரியம் கெட்டது. அவர் யோசிக்கட்டும். வாரம் ஒன்று போகட்டும்.

எது வேண்டும் என்பதோடு எதற்கு வேண்டும் என்றும் கேளுங்கள். மேட்டு நிலம் கேட்பவர் சிலருக்கு வேண்டியது அங்கே இருக்கும் அப்பாவின் சமாதி. இரண்டு சென்டைப் பொதுவில் விட்டு, விளக்கு ஏற்ற எல்லோருக்கும் வழி எழுதினால் அதோடு தீர்ந்துவிடும். சிலருக்கு வேண்டியது தண்ணீர்; பள்ள நிலத்துக்குக் குழாய் போட்டால் தீரும். சிலருக்கு "நான்தான் அப்பாவைக் கடைசி வரை பார்த்தேன்" என்பதை மற்றவர்கள் வாயால் கேட்க வேண்டும். அதற்கு நிலமே தேவையில்லை.

எதில் இறங்கக்கூடாது என்பதும் தெரிய வேண்டும். அம்மா பங்கை "நாங்க பாத்துக்கறோம்" என்று பிள்ளைகள் எழுதிக்கொள்வதற்கு ஒப்பாதீர்கள். அவர் பங்கு அவர் பெயரில் இருக்கட்டும், வீட்டில் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமை தனி வரியாக வரட்டும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கடன் கழிக்காமல் பங்கு போட விடாதீர்கள்.

வீட்டில் முடியவில்லை என்றால் வழக்குப் போடும் முன்பே தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசலாம். அங்கே கட்டணம் இல்லை. சமரசத்தில் வரும் தீர்வுக்கு அப்பீலும் இல்லை. வழக்கு ஏற்கெனவே நடந்தாலும் சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் இத்தகைய மையம் 2005லிருந்தே உண்டு. சமரசமானால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நீங்களே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் அது உண்டு என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது.

பேசியதை எழுதுவது

ஒத்துக்கொண்ட அன்றே, காபி ஆறுவதற்குள், முக்கியமானவற்றை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். இது பத்திரம் ஆகாது. ஞாபகம் மாறாமல் இருக்க மட்டும். ஏற்கெனவே வாய்மொழியாகப் பிரித்து அனுபவித்து வருவதைக் குறித்து வைக்கும் கூர்ச்சீட்டுக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் அந்தத் தாளே சொத்தைப் பிரிக்கிறது என்றால் பதிவு செய்தாக வேண்டும். பதியாத தாள் உரிமையை நிரூபிக்க உதவாது. "கூர்ச்சீட்டுப் போதும், பணம் மிச்சம்" என்பவரிடம் கட்டணத்தைச் சொல்லுங்கள்: குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பங்கு ஒன்றுக்கு அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதுவும் பங்கு ஒன்றுக்கு அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட வரம்பு இது. எழுதிக் கையெழுத்திட்ட நான்கு மாதத்துக்குள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

பத்திரத்தில் ஒவ்வொரு பங்குக்கும் சர்வே எண், உட்பிரிவு, சென்டிலும் ஹெக்டேரிலும் அளவு, செக்குபந்தி (எல்லை விவரம்) நான்கு பக்கமும், மரங்கள், கட்டடம். தென்னையையும் புளியையும் எண்ணி எழுதுங்கள். வரப்பு மேல் நிற்கும் மரம் யாருடையது என்பது பத்து ஆண்டு கழித்தும் சண்டையைக் கிளப்பும். பதிவு முடிந்ததும் கூட்டுப் பட்டாவிலிருந்து உட்பிரிவு செய்த தனிப் பட்டா, மின் இணைப்புப் பெயர் மாற்றம், வீட்டு வரிப் பெயர் மாற்றம் மூன்றையும் அந்த மாதமே விண்ணப்பியுங்கள்.

சர்வேயர் கல் நடும் நாளில் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் வயலில் நிற்க வேண்டும். வெளியூரில் இருப்பவர் வரும் ஞாயிறாகப் பார்த்து வைக்கலாம், ஆனால் அவர் இல்லாமல் நடவேண்டாம். கல் நட்டதும் ஒவ்வொரு கல்லையும் பக்கத்தில் இருக்கும் கிணற்று மூலை, மின்கம்பம் போன்ற நகராத ஒன்றிலிருந்து டேப் பிடித்து, அந்த அடிக்கணக்கைப் புலப்பட நகலில் எழுதி, ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்து அனுப்புங்கள்.